3.21-ஆ, 3.92-ஆ? டிரெய்லர் இழுக்கும் பிக்கப் பற்றி வாசகர் கேள்வி பதில்

கோடை நெருங்கினால் டிரெய்லர் கேள்விகள் குவியும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பின் ஆக்சில் ரேஷியோவை, அதாவது பின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் பக்கமிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண்ணைப் பற்றியே இருந்ததால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். எழுதியவர்கள் எல்லாரும் வட அமெரிக்காவில் இருப்பவர்கள், அதனால் எடை பவுண்டிலும் தூரம் மைலிலும்தான் வரும்.

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் நாலு பேர், பிள்ளைகள் இரண்டு பேரும் ஹைஸ்கூல். 26 அடி கேம்பிங் டிரெய்லர் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. காலி எடை 5,200 பவுண்டு, அதிகபட்சம் 6,800 என்று போட்டிருக்கிறது. அதை இழுக்க இரண்டு ராம் 1500 பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டிலும் அதே 5.7 லிட்டர் வி8, 8 கியர் ஆட்டோமேட்டிக். ஒன்று சாதாரண மாடல், ஆக்சில் 3.21. இன்னொன்று லெதர் சீட், கண்ணாடிக் கூரை எல்லாம் உள்ள உயர்ந்த மாடல், ஆக்சில் 3.92. "இது பதினோராயிரம் பவுண்டு இழுக்கும், கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்" என்கிறார் விற்பனையாளர். எடுக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து மூடும் தூணைப் பாருங்கள். மஞ்சள் பட்டையோடு ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், டயர் அளவும் காற்றழுத்தமும் போட்டிருக்குமே, அதேதான். அதில் ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரி இருக்கும். பேலோடு என்பது அந்த எண். இழுவை, ஆக்சில், லிட்டர் எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு முதலில் வேண்டிய இந்த ஒரு எண்ணை மட்டும் இரண்டு வண்டிக்குமே எழுதவில்லை.

டிரெய்லரை வண்டி இழுக்க மட்டும் செய்வதில்லை, அதில் ஒரு பங்கைச் சுமக்கவும் செய்கிறது. டிரெய்லரின் மூக்கு, வண்டியின் பின்னால் அதை மாட்டும் ஹிட்ச் உருண்டையின்மேல் அழுத்துகிற பாரத்தை டங் வெயிட் என்பார்கள், கேம்பிங் டிரெய்லர் என்றால் அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். அதைக் குறைத்தால் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பித்துவிடும், ஆகவே குறைத்துக் கணக்குப் போட வழியே இல்லை.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 5,200 என்பது தண்ணீர் இல்லாமல், பாத்திரம், படுக்கை, துணிமணி எதுவும் இல்லாமல் உள்ள எடை. ஒரு காலன் தண்ணீரே 8.3 பவுண்டு, 40 காலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டு கூடிவிடும். குடும்பத்தோடு கிளம்பும் நாளில் 6,300 என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு. அதில் 13 சதவீதம் 820. பாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் ஒரு 100. நாலு பேர் சேர்ந்து 560. பின்னால் ஐஸ் பெட்டி, சைக்கிள், ஜெனரேட்டர் என்று 150. கூட்டினால் 1,630 பவுண்டு.

இப்போது அந்த ஸ்டிக்கரைப் படியுங்கள். கண்ணாடிக் கூரை, மோட்டார் சீட், பெரிய சக்கரம், நாலு சக்கர ஓட்டம் எல்லாவற்றின் எடையும் பேலோடிலிருந்துதான் கழிகிறது. ஆடம்பர மாடல் அரை டன் பிக்கப்களில் (ராம் 1500, எஃப்-150 போன்ற வகைக்கு வழங்கும் பெயர், அதற்கு மேலே முக்கால் டன், ஒரு டன் வகைகள்) 1,200, 1,300 என்று இருப்பது சர்வசாதாரணம். அப்படி இருந்தால், பதினோராயிரம் பவுண்டு இழுக்கும் என்று சொல்லப்பட்ட வண்டி உங்கள் ஆறாயிரத்துச் சொச்சம் டிரெய்லரைக் கட்டிய உடனேயே வரம்பைத் தாண்டி நிற்கும். இன்ஜின் முனகாது, வேகமும் வரும், ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது. பின் ஸ்பிரிங்கும் பின் டயரும் பிரேக்கும்தான் அந்தப் பாரத்தை வாங்கிக்கொண்டிருக்கும், முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடிமானம் குறைந்திருக்கும்.

விற்பனையாளர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. இழுவை எண்ணுக்கு எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்று ஒரு பொது விதிமுறை இருக்கிறது. 2011 டன்ட்ரா பிக்கப்புக்கு டொயோட்டாதான் அதை முதலில் பின்பற்றியது, மற்றவர்கள் சில வருடம் கழித்து வந்தார்கள். அந்த விதியில் வண்டிக்குள் இருப்பதாக எடுத்துக்கொள்வது ஓட்டுநர் ஒருவர், பக்கத்தில் ஒருவர், ஆளுக்கு 150 பவுண்டு. பின்சீட்டில் பிள்ளைகள் இல்லை, சைக்கிள் இல்லை, ஐஸ் பெட்டி இல்லை. விளம்பரத்தில் வரும் மிகப் பெரிய எண்ணும் பெரும்பாலும் அந்த வரிசையிலேயே எடை குறைந்த மாடலுக்கு உரியது.

உங்கள் இரண்டில் எது என்று கேட்டால், இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதைத் தேடுங்கள் என்பேன். நடுத்தர மாடல், 3.92 ஆக்சில், ஸ்டிக்கரில் 1,700-க்குக் குறையாத பேலோடு. கிடைக்கக்கூடிய சேர்க்கைதான், கொஞ்சம் அலைய வேண்டும். இந்த இரண்டில்தான் ஒன்று என்றால் பேலோடு அதிகம் உள்ளதை எடுங்கள், அது 3.21 ஆக இருந்தாலும் சரி. அந்த வண்டியின் கையேட்டில் 3.21-க்குப் போட்டிருக்கும் இழுவை வரம்பு உங்கள் 6,800-க்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் மெதுவாகப் போவதைப் பொறுத்துக்கொள்ளலாம், பின் ஆக்சில்மேல் கூடுதல் பாரத்தோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் போவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

கேள்வி: ஆக்சில் ரேஷியோ என்றால் உண்மையில் என்ன? எண் பெரிதாக இருந்தால் இழுவை கூடும் என்கிறார்கள், அப்படியானால் எல்லா வண்டிக்கும் 4.10 போட்டுவிடலாமே?

பதில்: பின் ஆக்சில் நடுவே உருண்டையாகத் துருத்திக்கொண்டிருக்கிறதே, அதற்குள் கிரவுன் பினியன் இருக்கிறது. இன்ஜின் பக்கமிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் சின்னப் பல்சக்கரமான பினியனைச் சுற்றும், அது பெரிய கிரவுனைச் சுற்றும், கிரவுன் சக்கரங்களைச் சுற்றும். பினியனில் 11 பல், கிரவுனில் 41 பல் என்றால் 41-ஐ 11-ஆல் வகுத்தால் 3.73. சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்ற வேண்டும், அவ்வளவுதான். சைக்கிளில் சின்ன கியர் போட்டு ஏற்றம் ஏறுவதைப் போல, கால் அதிகம் சுற்றும், மிதிப்பது இலகுவாகும்.

3.21-க்குப் பதில் 3.92 போட்டால் அதே இன்ஜின் அதே கியரில் சக்கரத்துக்கு 22 சதவீதம் அதிக முறுக்கு விசை தரும். 3.55-லிருந்து 3.73-க்குப் போனால் வெறும் 5 சதவீதம். 3.55 கிடைக்குமா 3.73 கிடைக்குமா என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இந்த 5 சதவீதத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும், அதற்காகக் காத்திருப்பது வீண் என்பது என் எண்ணம்.

இப்போது முக்கியமான விஷயம். சக்கரத்துக்குப் போகும் விசையை ஆக்சில் மட்டும் தீர்மானிப்பதில்லை, கியர்பாக்ஸும் ஆக்சிலும் பெருக்கி வருவதுதான் கணக்கு. 4 கியர் ஆட்டோமேட்டிக் காலத்தில், உதாரணமாக ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60-இ கியர்பாக்ஸில், முதல் கியர் 3.06. அதோடு 4.10 ஆக்சில் சேர்ந்தால் 12.5 மடங்கு. இன்றைய 8 கியர் பெட்டிகளில் முதல் கியர் 4.7. அதோடு 3.21 சேர்ந்தாலே 15 மடங்கு வந்துவிடுகிறது. ஃபோர்டு எஃப்-150-இன் 10 கியர் பெட்டியிலும் முதல் கியர் 4.7தான், 3.55 ஆக்சிலோடு அது 16.7 மடங்கு. அதாவது அந்தக் காலத்தில் இழுவைக்கென்றே 4.10 போட்டு வாங்கிய வண்டியைவிட இன்று கடையில் சும்மா நிற்கும் 3.21 வண்டி நின்ற இடத்திலிருந்து பலமாகக் கிளம்பும். "4.10 இல்லாமல் டிரெய்லர் கட்டாதே" என்ற பெரியவர்களின் அறிவுரை அவர்கள் ஓட்டிய வண்டிக்குச் சரியான அறிவுரை. கியர்பாக்ஸ் மாறிவிட்டது, அறிவுரை மட்டும் அப்படியே நிற்கிறது.

ஓடும்போது என்ன ஆகிறது? 32 அங்குல டயர், 65 மைல் வேகம், 8 கியர் பெட்டி என்று எடுத்துக்கொள்ளுங்கள். 3.92 வண்டி எட்டாவது கியரில் சுமார் 1,790 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை இன்ஜின் சுற்று) ஓடும். 3.21 வண்டி எட்டாவதில் 1,470, ஆனால் ஒரு கியர் இறங்கி ஏழாவதுக்கு வந்தால் 1,840. ஆக இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரு கியர்தான் வித்தியாசம், அந்த ஒரு கியரை கியர்பாக்ஸ் தானாகவே போட்டுக்கொள்ளும்.

அப்புறம் ஏன் 3.21-க்கு இழுவை எண் குறைவாகப் போடுகிறார்கள் என்று கேட்பீர்கள். முதல் கியருக்குக் கீழே இறங்க வேறு கியர் இல்லையே. ஜே2807 சோதனையில் 12 சதவீத ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும், முன்னாலும் பின்னாலும், திரும்பத் திரும்ப. அங்கேதான் பெரிய எண் ஆக்சில் தன் பலத்தைக் காட்டும். சரிவான இடத்தில் டிரெய்லரை ரிவர்ஸில் ஏற்றுகிறவர்களுக்கும், படகை நீரிலிருந்து சறுக்குப் பாதையில் இழுப்பவர்களுக்கும் 3.92 வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். சமவெளி நெடுஞ்சாலையில் 4,000 பவுண்டு இழுப்பவருக்கு அது அவ்வளவு முக்கியமில்லை.

கேள்வி: என்னிடம் 2004 செவி சில்வராடோ 1500 இருக்கிறது. 5.3 லிட்டர், 4 கியர், ஆக்சில் 3.42, நாலு சக்கர ஓட்டம். 5,000 பவுண்டு டிரெய்லரை இழுக்கும்போது மூணுக்கும் நாலுக்கும் இடையே கியர் மாறி மாறி விழுந்துகொண்டே இருக்கிறது. ஆக்சிலை 4.10 ஆக்கினால் சரியாகுமா? இல்லை 3.73 போதுமா?

பதில்: ஒன்று முதலில். டிரெய்லர் கட்டியிருக்கும்போது நாலாவது கியருக்கே போக விடாதீர்கள். லீவரை மூணில் வையுங்கள், பாரம் இழுக்கும்போது போடும் டோ-ஹால் பட்டன் இருந்தால் அதையும் அமுக்குங்கள். கியர் மாறி மாறி விழுகிற ஒவ்வொரு முறையும் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் லாக் விட்டுப் பிடித்து எண்ணெய் சூடாகிறது, அந்தச் சூடுதான் இந்தக் கியர்பாக்ஸ்களின் ஆயுளைக் குறைக்கிறது. மூணாவதில் 65 மைலுக்கு ஏறக்குறைய 2,450 ஆர்பிஎம் ஓடும், அந்த வி8-க்கு அது ஒன்றும் பெரிய வேகமில்லை. சத்தம் கூடுவதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியதில்லை.

இதைச் செய்தும் ஏற்றங்களில் திணறினால் ஆக்சில் மாற்றுவது அர்த்தமுள்ள செலவு, உங்கள் வண்டியைப் போன்ற 4 கியர் வண்டிகளுக்குத்தான் அது உண்மையாகவே பலன் தரும். கியருக்கும் கியருக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது, இரண்டாவது 1.63, மூன்றாவது 1.00. அந்தப் பள்ளத்தில் விழுந்துவிட்டால் ஒன்று இன்ஜின் கத்தும், இல்லையென்றால் சோர்ந்துவிடும். மாற்றுவதானால் 4.10 போடுங்கள். 3.42-லிருந்து 3.73 என்பது 9 சதவீத மாற்றம், 4.10 என்பது 20 சதவீதம், வேலையும் கூலியும் இரண்டுக்கும் ஒன்றுதான். 4.10 போட்ட பின் 65 மைலில் மூணாவது 2,940, நாலாவது 2,055 என்று வரும், டிரெய்லர் இல்லாத நாட்களுக்கும் அது தாங்கக்கூடியதே.

உங்களுடையது நாலு சக்கர ஓட்டம் என்பதால் முன் ஆக்சிலையும் அதே ரேஷியோவுக்கு மாற்றியாக வேண்டும். பின்னால் 4.10, முன்னால் 3.42 என்று வைத்துக்கொண்டு பிடிமானமுள்ள தரையில் 4x4 போட்டால் எதையாவது உடைத்துக்கொள்வீர்கள். வேகமானி தவறாகக் காட்டும், கம்ப்யூட்டரில் புது எண்ணைப் பதிவு செய்ய வேண்டும், கியர் மாறும் நேரமும் அதைப் பொறுத்ததுதான்.

யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். கிரவுன் பினியன் பொருத்துவது போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற வேலை இல்லை. நல்ல மெக்கானிக் கிரவுன் பல்லில் மஞ்சள் பசையைத் தடவி, கையால் சுற்றி, பல்லும் பல்லும் பட்ட தடத்தைப் பார்ப்பார். தடம் பல்லின் நடுவே விழ வேண்டும். நுனியிலோ அடியிலோ விழுந்தால் மறுபடி கழற்றி, பினியனுக்குப் பின்னால் முடி கனத்தில் ஒரு ஷிம் தகடு கூட்டியோ குறைத்தோ மறுபடி போட்டு, மறுபடி பசை தடவிப் பார்ப்பார். அந்தத் தடத்தைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள், ஒழுங்காகச் செய்கிறவர் சந்தோஷமாகத் தருவார். புதுப் பல் முதல் நாள் இருபது நிமிடம் மெதுவாக ஓடி முழுக்க ஆறட்டும், முதல் 500 மைல் டிரெய்லர் கட்டக்கூடாது, அதன் பிறகு ஆக்சில் எண்ணெயை மாற்றிவிடுங்கள். இந்த 500 மைலை மதிக்காமல் மறு வாரமே டிரெய்லர் கட்டி, பல் நீலம் பாய்ந்து, ஊளையிடும் ஆக்சிலோடு திரும்பி வருகிறவர்கள் உண்டு.

ஆக்சிலை மாற்றியதால் வண்டியின் எடை வரம்பு கூடாது. கதவுத் தூணில் உள்ள எண்கள் அப்படியேதான் இருக்கும்.

கேள்வி: எஃப்-150-க்கு 35 அங்குல டயர் போட்டிருக்கிறேன். முன்பு 32. ஆக்சில் 3.55. முன்பு சுலபமாக இழுத்த டிரெய்லரை இப்போது திணறித்தான் இழுக்கிறது. டயர்தான் காரணமா?

பதில்: டயர்தான். பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், அதற்கேற்ப விசை குறையும். 3.55-ஐ 32-ஆல் பெருக்கி 35-ஆல் வகுத்துப் பாருங்கள், 3.25 வரும். ஆக்சிலைத் தொடாமலே 3.25 ஆக்சில் வண்டி ஓட்டுகிறீர்கள். டயரும் ரிம்மும் கனம், அதைச் சுற்றவும் நிறுத்தவும் கூடுதல் வேலை, பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். பழைய இழுவை திரும்ப வேண்டும் என்றால் 3.88-க்குப் பக்கத்தில் ஏதாவது ஆக்சில் போட வேண்டியிருக்கும். அல்லது பழைய டயரையே மாட்டிவிடலாம், டிரெய்லர் இழுக்கிற வண்டிக்கு நான் அதையே சொல்வேன்.

கேள்வி: 9,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் டிரெய்லரோடு கொலராடோ மலைப் பக்கம் அடிக்கடி போக ஆசை. அரை டன் வண்டியில் அதிக இழுவைக்கான மேக்ஸ் டோ பேக்கேஜ் எடுத்தால் போதும் என்கிறான் தம்பி. முக்கால் டன்னுக்குப் போனால் பெட்ரோலா டீசலா?

பதில்: முக்கால் டன்தான். தம்பியிடம் ஒரு கணக்கை மட்டும் காட்டுங்கள். ஃபிஃப்த் வீலில் டிரெய்லரின் பாரம் வண்டியின் பின்னால் சாமான் ஏற்றும் படுகைக்குள் இறங்குகிறது, மொத்த எடையில் ஏறக்குறைய 20 சதவீதம். 9,000-க்கு அது 1,800 பவுண்டு. ஹிட்ச் தனி, ஆட்கள் தனி. சாதாரண அரை டன் வண்டியின் ஸ்டிக்கர் இதைத் தாங்காது.

பெட்ரோலா டீசலா என்பதற்கு உயரம் ஒரு பெரிய காரணம். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசனோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல் இருக்கிறது, அங்கே போய்ச் சேரும்போது பெட்ரோல் வி8-இன் மூன்றில் ஒரு பங்கு சக்தி போயிருக்கும். டர்போ டீசல் மெல்லிய காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளிவிடுவதால் இவ்வளவு இழக்காது. குறைந்த ஆர்பிஎம்மிலேயே முறுக்கு விசை கிடைப்பதால் டீசலுக்கு ஆக்சில் எண்ணும் சின்னதாக இருந்தால் போதும். ஃபோர்டு எஃப்-250-இல் பெட்ரோலுக்கு 4.30 வரை கொடுக்கிறார்கள், டீசலுக்கு 3.31, 3.55தான். டீசலின் எண் சின்னது என்று யாரும் குறையாக நினைக்க வேண்டாம், பெட்ரோல் வண்டியின் ரேஷியோவோடு அதை ஒப்பிடவே கூடாது.

ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குக் கவலை. ஏற முடியாவிட்டால் வலது ஓரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போய்விடலாம். இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் செய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை. டீசலில் வரும், புகை வெளியேறும் வழியை அடைத்து வண்டியை மெதுவாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் அங்கே விலைமதிப்பற்றது. பெட்ரோலில் டோ-ஹால் போட்டு, உச்சியைத் தாண்டும் முன்பே கியரைக் குறைத்து, இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும்படி இறங்க வேண்டும். இந்த இடத்தில் பெரிய எண் ஆக்சிலும் உதவும், ஏறும்போது கொடுத்த அதே பெருக்கல் இறங்கும்போது பிடித்து நிறுத்தவும் வேலை செய்கிறது.

ஆனால் டீசலை எடுத்தால் பேலோடை மறுபடி பாருங்கள். டீசல் இன்ஜின் பல நூறு பவுண்டு கனம், பல முக்கால் டன் வண்டிகளின் மொத்த எடை வரம்போ 10,000 பவுண்டிலேயே நிற்கிறது, அதனால் அதே மாடலில் பெட்ரோல் வண்டிக்கு உள்ள பேலோடு டீசலுக்கு இருக்காது. 1,800 பவுண்டு பாரமும் குடும்பமும் ஏறினால் டீசல் முக்கால் டன்னே விளிம்புக்கு வந்துவிடலாம். அப்படி வந்தால் ஒரு டன் எடுங்கள், இரட்டைச் சக்கரம் தேவையில்லை, ஒற்றைச் சக்கரமே போதும்.

கேள்வி: 60 மைலைத் தாண்டினால் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடுகிறது. பெரிய ஆக்சில் போட்டால் நிற்குமா?

பதில்: நிற்காது, அதற்கும் ஆக்சிலுக்கும் சம்பந்தமில்லை. பின்பக்கம் பாரம் அதிகமாகி டங் வெயிட் குறைந்திருக்கும், கனமான சாமானை டிரெய்லர் அச்சுக்கு முன்னால் நகர்த்துங்கள். டயர் காற்றைப் பாருங்கள். பழைய டிரெய்லர் டயர்கள் பல 65 மைலுக்கு மட்டுமே தகுதி பெற்றவை. வேகத்தையும் குறையுங்கள், 55-லிருந்து 65-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 40 சதவீதம் கூடுகிறது. ஆட ஆரம்பித்துவிட்டால் கால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாது, ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சமாளிக்கவும் கூடாது. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, பிரேக் கன்ட்ரோலரில் உள்ள கைப்பிடியை மெதுவாக அழுத்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடியுங்கள், அது பின்னாலிருந்து இழுத்து நேராக்கிவிடும்.

கேள்வி: பழைய வண்டி வாங்கப் போகிறேன். விற்பவருக்கு ஆக்சில் எண் தெரியவில்லை. கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: ஃபோர்டு என்றால் கதவு ஸ்டிக்கரில் ஆக்சில் என்ற தலைப்புக்குக் கீழே ஒரு குறியீடு இருக்கும், அதை வண்டியின் வருடப் பட்டியலோடு ஒப்பிடலாம். பழைய ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் டேஷ்போர்டு அறைக்குள் ஒட்டிய பட்டியலில் ஜியூ6 என்றிருந்தால் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10.

ஸ்டிக்கர் கிழிந்திருந்தாலோ, யாராவது நடுவில் ஆக்சிலை மாற்றியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலோ கையால் எண்ணிப் பார்க்கலாம். சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் போட்டால் வண்டியைப் பிடிப்பது அந்தக் கட்டைகள்தான், அதனால் அவற்றை அலட்சியம் செய்யாதீர்கள். டயரிலும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஏன் இரண்டு என்றால், இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது மற்றது இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். ஷாஃப்ட் மூன்றரைச் சுற்றுக்குச் சற்று மேலே போனால் 3.55, நாலை எட்டக் கொஞ்சம் குறைந்தால் 3.92. அப்படித் தனித்தனியாக எளிதில் சுற்ற விடாத லிமிடெட் ஸ்லிப் ஆக்சில் என்றால் இரண்டு சக்கரத்தையும் தூக்க வேண்டும், அதில் ஒரு சுற்று போதும். வண்டிக்கு அடியில் படுக்காமல் பக்கத்திலிருந்தே டார்ச் அடித்து எண்ண ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாக் கணக்கும் போட்டுத்தான் வாங்கினோம். ஆனாலும் வரம்புக்குள் இருக்கிறோமா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு, லாரிகள் நிற்கும் இடங்களில் உள்ள எடை மேடைக்குப் போங்கள். தண்ணீர், சாமான், பிள்ளைகள், நாய் எல்லாம் ஏறிய பிறகு போக வேண்டும், காலி வண்டியை எடை போட்டு வருவதில் பிரயோஜனம் இல்லை. முன் ஆக்சில் ஒரு தட்டிலும் பின் ஆக்சில் அடுத்ததிலும் டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதிலும் நிற்கிற மாதிரி நிறுத்துங்கள்.

மூன்று முறை எடை போட்டு, ஒவ்வொரு முறையும் எடைச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச்சின் கம்பிகளை இறுக்கி ஒருமுறை, கம்பிகளைக் கழற்றிவிட்டு டிரெய்லரோடு ஒருமுறை, டிரெய்லரை ஓரமாக விட்டுவிட்டு வண்டி மட்டும் ஒருமுறை. இரண்டாவது சீட்டில் வண்டியின் இரண்டு ஆக்சிலையும் கூட்டி, அதிலிருந்து மூன்றாவது சீட்டின் கூட்டலைக் கழித்தால் உங்கள் உண்மையான டங் வெயிட் கிடைக்கும். அதோடு இரண்டாவது சீட்டில் உள்ள டிரெய்லர் சக்கர எடையைச் சேர்த்தால் டிரெய்லரின் மொத்த எடை, அதில் டங் வெயிட் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிடலாம். முதல் சீட்டின் முன் ஆக்சில் எண்ணை மூன்றாவது சீட்டோடு ஒப்பிடுங்கள், அது நிறையக் குறைந்திருந்தால் ஹிட்ச் கம்பிகளை இன்னும் இறுக்க வேண்டும். முதல் சீட்டில் பின் ஆக்சில் எண் கதவுத் தூணில் உள்ள பின் ஆக்சில் வரம்பைத் தாண்டியிருந்தால், முதலில் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போகும் இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். தொட்டி டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் இருக்கிற மாடல்களில் மட்டும் அதைக் காலி செய்தால் டங் வெயிட் கூடிவிடும், அவர்கள் வண்டியின் படுகையில் இருக்கும் ஜெனரேட்டரையும் சைக்கிளையும்தான் இறக்க வேண்டும்.